ஊமையான பேஸ் கித்தாரும் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரரும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் அப்பா மெல்லிசைக் குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று முப்பது வருடத்துக்கு மேல் மேடையில் பின்வரிசையில் நின்றவர். இரண்டு வருடம் முன்பு காலமானார். பெட்டிக்குள் இருந்தது அவருடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அந்தக் காலத்திலேயே பழையதாக வாங்கியதாம்.

"சார், சத்தமே வரல. வந்தாலும் கொசு கத்துற மாதிரி இருக்கு."

ஒரு கடையில் காட்டியிருக்கிறான். பிக்கப் செத்துவிட்டது, இந்த மாடல் பிக்கப் இப்போது கிடைக்காது, மரத்தைக் குடைந்து பெரிதாக்கி வேறு மாடல் வைக்கலாம், இல்லையென்றால் அப்படியே ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். சொன்ன விலை ஒரு நல்ல கைபேசிக்குக்கூடப் போதாது. அவன் பாதி மனதாக இருந்தான்.

பிக்கப் செத்தது உண்மை. கிடைக்காது என்பது தவறு. அது ஏன் தவறு என்பதற்கு அந்தக் கருவியின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பிக்கப் என்றால் என்ன? கித்தாரின் தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் சின்னக் கட்டை போன்ற பாகம். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: கம்பிச்சுருளுக்குள் சட்டக் காந்தத்தை நுழைத்து எடுப்பேன், கால்வனாமீட்டர் முள் இங்கும் அங்கும் ஆடும், "சார் இன்னொரு வாட்டி" என்று கத்துவீர்கள். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விஷயம்தான். இங்கே காந்தம் அசைவதில்லை. அதன் எதிரில் இரும்புத் தந்தி அதிர்கிறது. அந்த அதிர்வில் காந்தப்புலம் கூடிக் குறைய, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்ந்தால் மின்சாரமும் 41 தடவை ஆடும். பேஸ் கித்தாரின் ஆகக் கனமான தந்தியின் அதிர்வெண் அதுதான். நைலான் தந்தி போட்டால் இந்த பிக்கப்புக்குக் காது கேட்காது.

ஃபாரடேக்கும் கித்தாருக்கும் நடுவே நூறு வருட இடைவெளி இருக்கிறது. சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கிக் கேட்க வால்வு ஆம்ப்ளிஃபயர் வர வேண்டியிருந்தது. அது ரேடியோவோடு வந்தது. 1930களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் லாடக் காந்தங்களை வைத்து ஒரு கித்தார் பிக்கப் செய்தார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அலுமினியத்தில் வார்த்த அந்தக் கருவிக்கு அதன் உருவத்தைப் பார்த்து வாணலி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். காப்புரிமை கிடைத்தது 1937இல்.

அப்போதும் பேஸ் வாசிப்பவர் பாடு திண்டாட்டமாகவே இருந்தது. அவர் கையில் இருந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் கூரையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். மேடையில் டிரம்ஸும் எக்காளமும் முழங்கும்போது அதன் சத்தம் கேட்காது. சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1936ஐ ஒட்டி, மடியில் வைத்து வாசிக்கும் அளவில் மின்சார பேஸ் ஒன்று செய்து ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். நல்ல யோசனைதான், ஆனால் எடுபடவில்லை. சில யோசனைகளுக்குக் காலம் வாய்ப்பதில்லை.

வாய்த்தது லியோ ஃபெண்டருக்கு. 1909இல் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. கணக்கெழுதப் படித்தார், பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. 1938இல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டார். கடைசிவரை அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். வாசிக்கத் தெரியாததால் வாசிப்பவர்களைக் கேட்டார். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழுக்காரர்கள் உடைந்த ஆம்ப்ளிஃபயரோடு கடைக்கு வருவார்கள். எது அடிக்கடி உடைகிறது, எதைத் திறப்பது கஷ்டம் என்பது ரிப்பேர்க்காரருக்குத்தான் தெரியும்.

1951இன் கடைசியில் அவருடைய பிரிசிஷன் பேஸ் வந்தது. 34 அங்குலத் தந்தி நீளம், திட மரப் பலகை, கழுத்தில் உலோகக் கட்டைகள். டபுள் பேஸில் கட்டை இல்லை, காதை நம்பி விரல் வைக்க வேண்டும். இதில் கட்டைக்குப் பின்னால் விரல் வைத்தால் சுரம் துல்லியமாக நிற்கும். அதனால்தான் பிரிசிஷன் என்ற பெயர். கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளில் பூட்டினார். கழுத்து கோணினால் கழற்றி வேறு மாட்டலாம். பிக்கப்பும் திருகாணியில்தான் நிற்கிறது. தச்சர் வழியில் வந்தவர் இப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டார். ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்தார்.

முதலில் வைத்த பிக்கப் நான்கு தந்திக்கும் சேர்த்து ஒரே சுருள். 1957இல் அதை மாற்றினார். சுருளை இரண்டாக வெட்டியதுபோல் இரண்டு பாதிகள்: கனமான இரண்டு தந்திகளுக்கு ஒன்று, மெல்லிய இரண்டுக்கு ஒன்று. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே, படிக்கட்டுபோல் தள்ளி நிற்கும். இரண்டும் தொடரிணைப்பு. ஒரு பாதியின் காந்தங்கள் வடமுனை மேலாக, மற்றதில் தென்முனை மேலாக. சுற்றிய திசையும் எதிரெதிர். ஏன் இவ்வளவு சிரமம்? அறையில் உள்ள மின்சாரக் கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் எழுப்பும் உறுமல் இரண்டு சுருளிலும் புகுகிறது. எதிர்த் திசையில் சுற்றியிருப்பதால் ஒன்றை ஒன்று கழித்துவிடுகிறது. தந்தியின் ஒலி கழிவதில்லை. கிப்சன் கம்பெனியில் செத் லவர் என்பவர் 1955இலேயே இதே தத்துவத்துக்கு வேறு வடிவில் காப்புரிமை கேட்டிருந்தார்.

இந்த உறுமல் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. பேஸ் கித்தாரில் கனத்த தந்தியின் மூன்றாம் கட்டையில் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது நம் ஊர் மின்சாரம் ஏறக்குறைய அந்தச் சுரத்தைப் பாடிக்கொண்டே இருக்கிறது! இதை நான் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1957இல் வந்த அந்த இரட்டை வடிவம் இன்றுவரை மாறவில்லை. லியோ 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ஒரு படி கீழாகத்தான் மதிப்பார்கள். ஆனாலும் பிக்கப்பின் உருவமும் திருகாணி நிற்கும் இடமும் அப்படியே இருந்தன. ஆகவே இந்தக் கித்தாருக்கு ஏற்ற பிக்கப்பை இன்றும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். மரத்தைக் குடைய வேண்டிய அவசியமே இல்லை. 1970களில் புது மாடல் பிக்கப் மோகத்தில் எத்தனையோ நல்ல பேஸ்களைக் குடைந்து பாழாக்கினார்கள். குடைந்த மரம் திரும்ப வளராது.

இனி அவன் கித்தாருக்கு வருவோம். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து வைத்துக்கொண்டோம்.

கழற்றுவதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிட்டது. நான்கு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னேன். நான்கும் ஒரே மாதிரி சன்னமாக, கனமே இல்லாமல், தகரத்தில் நகத்தால் கீறியதுபோல் கேட்டன. யோசித்துப் பாருங்கள். ஒரு பாதிக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டு அது மட்டும் செத்திருந்தால் இரண்டு தந்தி ஊமையாகி, மற்ற இரண்டும் நன்றாகக் கேட்கும். நான்கும் சேர்ந்து மெலிந்தால் தொடரிணைப்பில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். பழைய சீரியல் பல்பு கதைதான். ஒன்று போனால் எல்லாம் போகும். அப்படியானால் கொசுச் சத்தம் மட்டும் எப்படி வருகிறது? அறுந்த இரண்டு முனைகளும் அக்கம்பக்கச் சுற்றுகளும் ஒரு குட்டி மின்தேக்கியாக நிற்கின்றன. மின்தேக்கி உயர்ந்த அதிர்வெண்ணைக் கடத்தும், தாழ்ந்ததை நிறுத்தும். பேஸில் தாழ்ந்ததுதான் எல்லாம்.

அடுத்து மல்டிமீட்டர். கித்தாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் அளந்தேன். நல்ல நிலையில் ஏறத்தாழ 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். காட்டியது 240 கிலோ ஓம். இது பிக்கப்பின் அளவு அல்ல. வால்யூம் கண்ட்ரோலின் அளவு. அதன் மதிப்பு 250 கிலோ ஓம். மின்சாரத்துக்கு பிக்கப் வழியாகப் பாதையே இல்லை, கண்ட்ரோல் வழியாக மட்டும் போகிறது என்பதை மீட்டர் சொல்லிவிட்டது. கேபிளும் ஜாக்கும் சரி என்பதும் அதிலேயே தெரிந்தது.

பிறகு தந்திகளைத் தளர்த்தி, முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டின் 13 திருகாணிகளையும் கழற்றினோம். (டப்பாவில் போட்டு மூடுங்கள். நாங்கள் ஒன்றைத் தேடி அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தோம்.) வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 1377342 என்று பொறித்திருந்தது. 137 என்பது சிடிஎஸ் என்ற உதிரிபாகக் கம்பெனியின் எண், 73 வருடம், 42 வாரம். 1973இன் 42ஆம் வாரத்தில் செய்த கண்ட்ரோல். ஆகவே கித்தார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அவன் அப்பா 1960களின் கித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பையன் முகம் லேசாக வாடியது. "தம்பி, இதுவும் அம்பது வருஷப் பொருள்தான்" என்றேன்.

பிக்கப் பாதிகளுக்கு அடியில் மெத்தைபோல வைத்திருந்த ஸ்பாஞ்ச் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. பிக்கப்பின் இரண்டு வயர்களையும் சால்டரிங் அயன் வைத்துக் கழற்றி, ஒவ்வொரு பாதியையும் தனியாக அளந்தோம். மெல்லிய தந்திகளின் பாதி: 5.3 கிலோ ஓம், ஆரோக்கியம். கனத்த தந்திகளின் பாதி: மீட்டர் இடது ஓரத்தில் ஒற்றை 1 காட்டி நின்றது. அறுந்தது அங்கேதான்.

அந்த 5.3 கிலோ ஓம் எவ்வளவு கம்பி தெரியுமா? கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி கனம். அந்த விட்டத்தில் செம்பின் தடை மீட்டருக்குச் சுமார் 5.4 ஓம். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்! கட்டைவிரல் நீளத்துக் கட்டைக்குள் ஒரு கிலோமீட்டர் கம்பி. அதில் ஏதோ ஓரிடத்தில் ஒரு புள்ளி அறுந்திருக்கிறது.

அந்தக் கம்பியைச் சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இயந்திரம் சுழற்றும், கம்பி ஒரே இடத்தில் குவியாமல், அறாமல், விரலால் வழிநடத்த வேண்டும். ஃபெண்டர் தொழிற்சாலையில் அபிகெயில் இபாரா என்பவர் 1956இல் வேலைக்குச் சேர்ந்து 2013 வரை இருந்தார். அவர் சுற்றிய பிக்கப்புகளை இன்று பெயர் சொல்லித் தேடுகிறார்கள். மற்றவர்கள் பலரின் பெயர் வெளியே தெரியாது. வாசித்தவர்கள் நிலையும் அப்போது அப்படித்தான். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் 1962ஆம் வருட பிரிசிஷன் பேஸை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். உலகமே கேட்டது. இசைத்தட்டு உறையில் அவர் பெயர் வர 1971 ஆயிற்று. நம் மெல்லிசை மேடைகளில் பேஸ் வாசித்தவர் பெயரை அறிவிப்பாளர் கடைசியில்தான் சொல்வார், நேரம் இருந்தால்.

சரி, ஏன் அறுந்தது? இந்த பிக்கப்பில் பிளாஸ்டிக் உருளை கிடையாது. மேலும் கீழும் ஃபைபர் அட்டை, நடுவே நான்கு காந்தக் குச்சிகள். குச்சிகள் மேலேயே கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். எளிமை, மலிவு. ஆனால் காந்தக் குச்சியில் இரும்பு உண்டு. குச்சிகளின் தலை மூடியின் ஓட்டை வழியாக வெளியே தெரியும். அங்கே ஈரம் இறங்கினால் துரு பிடிக்கும்; துரு கம்பியின் மெல்லிய எனாமல் பூச்சை அரித்து உள்சுற்றைத் தின்றுவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கனத்த தந்திகளின் பாதியில் நான்கு குச்சிகளும் செம்பழுப்பாக இருந்தன, ஓரத்தில் பச்சைக் களிம்பு. மற்ற பாதி ஏறக்குறைய சுத்தம். இந்த வேறுபாடு எனக்குப் புரியவில்லை.

"அப்பா கட்டைவிரலை இங்கதான் சார் ஊனிப்பார்" என்றான் அவன்.

பேஸ் வாசிப்பவர்கள் வலது கட்டைவிரலை பிக்கப்பின் மேல் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு மற்ற விரல்களால் மீட்டுவார்கள். சித்திரை வெயிலில், ஃபோகஸ் லைட்டுக்கு அடியில், முப்பது வருட வியர்வை அந்தப் பாதிக்குள் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. சுருளின் முனை தடித்த வயரோடு சேரும் இடத்தில் அறுந்திருந்தால் ஒரு சொட்டு ஈயத்தில் சரியாகிவிடும். அங்கே பார்த்தோம், இரண்டு முனையும் உறுதி. ஆக அறுந்தது உள்ளே. கம்பியைப் பிரித்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கலாமே என்று எனக்குக் கை அரித்தது. ட்வீசரை எடுத்தேவிட்டேன். "சார், வேண்டாம்" என்றான். அவன் சொன்னது சரி. பிரித்த கம்பியைத் திரும்பச் சுற்ற முடியாது.

புது ஜோடி வாங்கினோம். 1970கள் வரை பிக்கப் செத்தால் கம்பெனிக்கு எழுத வேண்டும், இல்லையேல் கம்பி சுற்றத் தெரிந்தவரைத் தேட வேண்டும். அந்தப் பத்தாண்டில்தான் லாரி டிமார்சியோ, செமோர் டங்கன் போன்றவர்கள் மாற்று பிக்கப் செய்வதையே தனித் தொழிலாக்கினார்கள். டங்கன் தன் கம்பெனியைத் தொடங்கியது 1976இல். அவர் பழைய சுருள்களைத் தானே சுற்றிப் பழகியவர்.

செத்த பாதியை மட்டும் மாற்றலாமே என்று சிலர் கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் சுற்றும் திசையும் காந்த முனையும் பழைய பாதிக்கு எதிராக அமைய வேண்டும். அமையாவிட்டால் தந்திகள் ஒழுங்காகப் பேசும், உறுமல் மட்டும் கழிவதற்குப் பதில் இரட்டிப்பாகும், ஆள் குழம்பிப்போவார். ஜோடியாக மாற்றிவிட்டு, பழைய ஜோடியைக் கலைக்காமல் பத்திரப்படுத்துவது நல்லது என்று முடிவு செய்தோம். புதிய பாதிகளின் மேல் திசைகாட்டியைக் காட்டினேன்: ஒன்று முள்ளின் வடக்கை இழுத்தது, மற்றது தெற்கை. சரி.

ஈயம் வைக்கும் வேலை பத்து நிமிடம். ஒரு வயர் வால்யூம் கண்ட்ரோலின் காலில், மற்றது அதன் முதுகில். அடியில் புது ஸ்பாஞ்ச் வெட்டி வைத்தோம். உயரம் அமைக்க, தந்தியைக் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடித்து இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி இடைவெளி பார்த்தேன். நாணயம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பிளாஸ்டிக் ஸ்கேலுக்கு மாறினேன். மூடிய பிறகு கேபிள் முனையில் அளந்தேன். 10.4 கிலோ ஓம்.

அவன் உட்கார்ந்து கனத்த தந்தியை ஒரு தடவை மீட்டினான். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுத்தன. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப்பார்த்து "என்ன ஆச்சு?" என்றாள். பிறகு அவன் இளையராஜா பாட்டு ஒன்றின் பேஸ் நடையை வாசித்தான். கட்டைவிரலை அவனும் அதே இடத்தில்தான் ஊன்றியிருந்தான். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். இனி அது வழக்கமாக வேண்டும். குடைவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த மாடலுக்கு இன்று ஒரு புது மோட்டார்சைக்கிள் விலை தாராளமாகக் கிடைக்கும் என்பதை அவன் ஒப்புதலோடுதான் இங்கே எழுதுகிறேன்.

பழைய ஜோடி ஒரு மூடிபோட்ட டப்பாவில், எந்தப் பாதி எவ்வளவு ஓம் என்று எழுதிய சீட்டோடு, கித்தார் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. செத்த பாதியைத் திரும்பச் சுற்ற அவனுக்கு ஆசை. மோட்டார் காயில் கட்டும் தொழிலில் நம் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். வேண்டியது அமெரிக்க அளவில் 42 கேஜ் எனாமல் கம்பி. நம் கடையில் 42 என்று கேட்டால் பிரிட்டிஷ் அளவில் 0.1 மில்லிமீட்டர் கம்பியைத் தருவார்கள். அது தடிமன், பாதிகூடச் சுற்ற முடியாது. பிரிட்டிஷ் அளவில் 46 இதற்கு நெருங்கி வரும். அவ்வளவு மெல்லிய கம்பியை அறாமல் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். டப்பாவோடு அவனை அனுப்பி வைக்கிறேன்.